ஸ்டீயரிங் இல்லாத வண்டி

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த பஸ்ஸுக்கு இன்ஜின் உண்டு, ஸ்டீயரிங் உண்டு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தை வேகமாகவும் உள்பக்கச் சக்கரத்தை மெதுவாகவும் சுற்ற விட டிஃபரன்ஷியல் உண்டு. இதில் எதுவும் இல்லாமல், பஸ்ஸைவிடப் பல மடங்கு கனத்தைத் தூக்கிக்கொண்டு ஆடிப்பூரத்தன்று ரத வீதி சுற்றி வருகிறது ஆண்டாள் தேர்.

வடம் பிடிப்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பாதி வேலை சக்கரத்தடியில் நடக்கிறது. நிலையில் நிற்கும் தேரை அசைப்பதுதான் கஷ்டம். உருள ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு பலம் வேண்டாம். அந்த முதல் அசைவுக்குத்தான் தடி. பின்சக்கரத்துக்கு அடியில் நீளமான மரத்தைக் கொடுத்து, மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். அந்த நெம்பலும் முன்னால் வடத்தின் இழுப்பும் ஒரே நொடியில் சேர வேண்டும். சேராவிட்டால் தேர் நகராது, கத்தல்தான் மிஞ்சும்.

திருப்புவது சறுக்குக்கட்டை. ஒரு முனை சரிவாகச் செதுக்கிய கனத்த மரத்துண்டு அது. இடது சக்கரத்தின் முன் அதைப் போட்டால், சக்கரம் அதன்மேல் ஏறிச் சுற்ற முடியாமல் தேய்ந்து வரும். வலது சக்கரம் பாட்டுக்கு உருளும். தேர் இடது பக்கம் வளையும். வலப்பக்கம் போட்டால் வலது பக்கம். நிறுத்தவும் கட்டைதான், ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து விழ வேண்டும். உருண்டு வரும் சக்கரத்தின் முன் குனிந்து இதைச் செய்கிறவர்களுக்குக் கண்ணும் கையும் கொஞ்சமும் பிசகக் கூடாது. என்னைக் கேட்டால் தேரின் டிரைவர் அவர்கள்தான்.

முன்பெல்லாம் சக்கரமும் மரம். மரச் சக்கரம் தேயும், பிளக்கும், மண் வீதியில் புதையும். புறப்பட்ட தேர் நிலைக்கு வந்து சேரப் பல நாள் ஆனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். 1948க்குப் பிறகு நின்றுபோன திருவாரூர்த் தேர், 1970-இல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலையின் இரும்பு அச்சும் சக்கரமும் அதற்கு வந்தன. ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்தது. பின்னால் தள்ள புல்டோசர் வந்து, தடியின் வேலையை எடுத்துக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரும் இன்று இரும்புச் சக்கரத்தில்தான் ஓடுகிறது.

இரும்பு வந்ததில் இழுப்பவர்களுக்கு ஆறுதல். நிறுத்துகிறவர்களுக்கு அப்படியில்லை. தார் ரோட்டில் இரும்புச் சக்கரம் லேசாக உருளும். லேசாக உருளும் தேரைப் பிடித்து நிறுத்துவது முன்னைவிடச் சிரமம். ஹைட்ராலிக் பிரேக் அந்தப் பாரத்தைக் குறைக்கும், ஆனால் தேரைத் திருப்பாது. திருவாரூரில் முனைக்கு முனை இரும்புத் தகடு விரித்து, எண்ணெய் ஊற்றி, அதன்மேல் சக்கரத்தை வழுக்க விட்டுத்தான் வளைக்கிறார்கள்.