நாசா சொன்ன 250 சென்டிமீட்டர்: ஒரு வாட்ஸ்அப் தகவலுக்கு உரை

2015 வடகிழக்குப் பருவமழையின்போது சென்னை முழுக்கச் செல்போன் செல்போனாகத் தாவிய தகவல் ஒன்று உண்டு. கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் அது எட்டிப் பார்க்காத குடும்பக் குழு அபூர்வம். பல வடிவங்களில் சுற்றினாலும் சாரம் ஒன்றுதான்: எல் நினோ என்ற புயல் வருகிறது, சென்னையில் 250 சென்டிமீட்டர் மழை கொட்டப்போகிறது, நாசாவே சொல்லிவிட்டது, எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். மழைக்காலம்தோறும் இதன் பேரப்பிள்ளைகள் வந்துகொண்டேயிருப்பதால், பாட்டனுக்கே உரை எழுதிவிடுவது நல்லது.

நாசாவே சொல்லிவிட்டது:

பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது என்றால் சிரிக்கிறவர்கூட நாசா என்றால் வாயை மூடிக்கொள்வார். பெயர்தான் மாறியிருக்கிறது, கேள்வி கேட்காமல் தலையாட்டுவது மாறவில்லை. நாசாவின் செயற்கைக்கோள்கள் மழையை அளக்கின்றன, உண்மை. ஆனால் நாளை தாம்பரத்தில் எவ்வளவு பெய்யும் என்று அறிவிப்பது அதன் வேலையே இல்லை. அந்த வேலைக்கு நுங்கம்பாக்கத்தில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. அன்று அங்கே புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்த எஸ்.ஆர். ரமணன் டிவியில் வந்தாலே பிள்ளைகள் லீவு கிடைக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். இவ்வளவு பக்கத்தில் ஆள் இருக்க, அமெரிக்காக்காரன் சொன்னான் என்றால்தான் நமக்குத் திருப்தி.

எல் நினோ என்ற புயல்:

எல் நினோ புயல் அல்ல. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் கடல்நீர் மாதக்கணக்கில் வழக்கத்தைவிடச் சூடாக இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். அது வங்கக் கடலில் கரையைக் கடக்காது. ஆனாலும் 2015இல் எல் நினோ மிக வலுவாக இருந்தது நிஜம். அப்படிப்பட்ட ஆண்டுகளில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்யும் போக்கு உண்டு என்பதும் நிஜம். பேப்பரில் அரைகுறையாகப் படித்திருந்த அந்தப் பெயர்தான் மற்ற எல்லாவற்றையும் நம்ப வைத்தது.

250 சென்டிமீட்டர்:

தகவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அது சாகவேண்டிய இடமும் இதுதான். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 140 சென்டிமீட்டர். இரண்டு நாளில் உலகில் பதிவான அதிகபட்ச மழை சிரபுஞ்சியில் 1995 ஜூன் 15, 16 தேதிகளில் பெய்த 249.3 சென்டிமீட்டர். ஒரு புயல் இரண்டு நாளில் கொட்டித் தீர்க்கும் மழை என்று கொண்டால், மேகாலய மலைச்சரிவின் அந்தச் சாதனையைச் சமதரைச் சென்னை முறியடிக்கும் என்கிறது தகவல். மில்லிமீட்டர் என்று இருந்திருந்தால் 25 சென்டிமீட்டர். அது இங்கே நடக்கக்கூடிய மழை.

மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். விளிம்பும் அடியும் ஒரே அகலமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைத் திறந்தவெளியில் வையுங்கள். (பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம், அடி குறுகலாக இருப்பதால் கூடுதலாகக் காட்டும்.) உள்ளே ஸ்கேலை விட்டால் எத்தனை சென்டிமீட்டர் நனைகிறதோ அத்தனை மழை. 250 என்றால் அந்தப் பாத்திரம் எட்டடிக்கு மேல் உயரம் வேண்டும்.

இனி, இந்தத் தகவலுக்கு மறுபிறவி கொடுத்த நாள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. நமக்கு அது பேய்மழைதான். "அன்னைக்கே சொன்னாங்க பார்த்தீங்களா" என்று தகவலை அனுப்பியவர்கள் நிமிர்ந்தார்கள். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று யாரும் கணக்குப் போடவில்லை. போடாததற்குக் காரணம் இருக்கிறது: வீட்டுக்குள் நின்ற தண்ணீரை மழையின் அளவாகவே எண்ணிக்கொண்டோம். 49 சென்டிமீட்டர் என்பது ஒன்றரை அடிக்குச் சற்று மேல். தெருவில் அதைவிட ஆழமாக நின்றால், மிச்சம் வேறெங்கிருந்தோ ஓடிவந்திருக்கிறது, அல்லது ஓடிப்போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்க வேண்டும். அந்தப் பாதையில் எது அடைபட்டிருக்கிறது, எது கட்டடமாகிவிட்டது என்பதுதான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாசா கதை நம் எல்லோரையும் வானத்தைப் பார்க்க வைத்துவிட்டது. அது செய்த பெரிய கெடுதல் இதுதான் என்பேன்.

எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள்:

இதற்கு நீண்ட உரை தேவையில்லை. அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார். ஆனால் புளுகு தொடர்ந்து வந்தால், நிஜமான எச்சரிக்கை வரும் நாளில் "இதுவும் வாட்ஸ்அப் கதைதான்" என்று ஜனங்கள் தூங்கிவிடுவார்கள். எதையும் நம்பாமல் இருப்பதும், விசாரிக்காமல் இருப்பதில் ஒரு வகைதான்.

அடுத்த மழைக்கு இப்படி ஒன்று உங்கள் குழுவுக்கு வந்தால், அனுப்பிய சித்தப்பாவை எல்லோர் முன்னும் மடக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, எந்த வானிலை மையம், எந்தத் தேதி, மில்லிமீட்டரா சென்டிமீட்டரா என்று மட்டும் கேளுங்கள். அப்படியே, உங்கள் தெருத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்றும் அவரிடமே கேட்டுப் பாருங்கள். பழைய ஆளாக இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.