விண்ணரசை அறிவிக்க யாருக்கு உரிமை? லியோன் முதல் அசிசி வரை

விண்ணரசு நெருங்கிவிட்டதை அறிவிக்கும்படி இயேசு பன்னிருவரை அனுப்பிய செய்தி மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் உள்ளது. கட்டளையோடு நிபந்தனைகளும் வருகின்றன. நோயாளரைக் குணமாக்க வேண்டும்; இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுக்க வேண்டும்; காசு, பை, இரண்டாவது அங்கி, மிதியடி, கோல் எதுவும் கூடாது. இந்தக் கட்டளை பன்னிருவரோடு முடிந்ததா, கேட்கும் எவருக்கும் உரியதா? 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மேற்குத் திருச்சபையை இக்கேள்வி உலுக்கியது. இதை எழுத்துப்படி ஏற்ற இருவரில் லியோன் வணிகர் வால்தோ விலக்கப்பட்டார். அசிசி பிரான்சிஸ் புனிதரானார். இருவரின் குணவேறுபாடே இதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். பிரான்சிஸின் பணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் உரோமை தன் அணுகுமுறையை மாற்றிக்கொண்டதே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத் திருச்சபைக்கு ஊர் ஊராகச் செல்லும் அறிவிப்பாளர்கள் புதியவர்கள் அல்லர். 1873இல் கான்ஸ்தாந்திநோபிளில் கண்டெடுக்கப்பட்ட ‘டிடாக்கே’ என்னும் பழைய நூல், அவர்களை ஆண்டவரைப் போல வரவேற்கச் சொல்கிறது. மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவர் போலி என்றும் எச்சரிக்கிறது. ஆயர் ஆட்சி நிலைபெற்றதும் இந்த ஊழியம் மங்கியது. போதிக்கும் உரிமை ஆயரிடமும், அவர் அனுமதி பெற்ற குருக்களிடமும் ஒடுங்கியது.

1173 அளவில் லியோன் நகரில் அந்த ஒழுங்கு சோதனைக்கு உள்ளானது. வட்டித் தொழிலால் செல்வம் சேர்த்த வால்தோ, புனித அலெக்சியுஸின் துறவை ஒரு தெருப்பாடகர் வாயிலாகக் கேட்டு மனம் மாறினார். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு ரொட்டியும் கஞ்சியும் கொடுத்தார். குருக்களைக் கூலிக்கு அமர்த்தி நற்செய்திகளை மக்கள் மொழியில் எழுதி வாங்கினார். பிறகு சந்தையிலும் வீடுகளிலும் அவரும் தோழர்களும் அறிவிக்கத் தொடங்கினர். அவர்களில் பெண்களும் இருந்தனர்.

1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கத்துக்கு இவர்கள் தங்கள் மொழிபெயர்ப்போடு வந்து போதிக்க அனுமதி கேட்டார்கள். அவர்களை விசாரித்த ஆங்கிலேயக் குரு வால்ட்டர் மாப் அந்தக் காட்சியைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். தந்தையை விசுவசிக்கிறீர்களா என்று கேட்டார், ஆம் என்றார்கள். மகனை? ஆம். தூய ஆவியை? ஆம். கிறிஸ்துவின் தாயை? அதற்கும் ஆம் என்றதும் அவை சிரித்தது. ‘விசுவசித்தல்’ மூவொரு கடவுளுக்கே உரியது என்ற பள்ளிக்கூட நுணுக்கம் அந்த எளிய மனிதர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. படித்தவர்கள் ஏழைகளின் பக்தியை எள்ளிய இந்தக் காட்சி மனத்தை வருத்துகிறது. திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் அவர்களுடைய ஏழ்மையைப் பாராட்டினார். உள்ளூர்க் குருக்கள் கேட்டாலன்றிப் போதிக்கலாகாது என்றார். மனிதருக்கு அல்ல, கடவுளுக்கே கீழ்ப்படிவோம் என்று அவர்கள் நின்றார்கள். 1184இல் வெரோனாவில் மூன்றாம் லூசியுஸ் அவர்களைத் தப்பறையாளர் பட்டியலில் சேர்த்தார்.

தடையால் போதனை நிற்கவில்லை. திருச்சபைக்கு வெளியே போனது. 1198இல் பொறுப்பேற்ற மூன்றாம் இன்னொசென்ட் இதைக் கண்டுகொண்டார். 1201இல் லொம்பார்தியாவின் உமிலியாத்தி இயக்கத்துப் பொதுநிலையினருக்கு அறநெறியைப் பற்றிப் பேச இசைவு தந்தார். விசுவாசக் கோட்பாடுகளையும் அருளடையாளங்களையும் தொடக்கூடாது என்று எல்லை வகுத்தார். 1208இல் வால்தோவின் வழியிலிருந்து திரும்பிய துரான் தெ உவெஸ்காவும் குழுவினரும் கத்தோலிக்க ஏழைகளாக ஏற்கப்பட்டனர். பிரான்சிஸ் நடந்து வந்த பாதை இப்படித் திறக்கப்பட்டது.

1208 அல்லது 1209இல் போர்சியுங்குலா சிற்றாலயத்தில் பிரான்சிஸ், பன்னிருவரை அனுப்பிய அந்த நற்செய்திப் பகுதியைக் கேட்டார். திருப்பலி முடிந்ததும் குருவிடம் விளக்கம் கேட்டாராம். கேட்ட கையோடு மிதியடியைக் கழற்றி, கோலை விட்டு, தோல் கச்சைக்குப் பதில் கயிற்றைக் கட்டிக்கொண்டார் என்று தோமா செலானோ 1228–29இல் எழுதிய வரலாறு கூறுகிறது. விரைவில் பதினொரு தோழர்களோடு உரோமைக்குப் போய், மனமாற்றத்தைப் போதிக்க இன்னொசென்டிடம் வாய்மொழி அனுமதி பெற்றார். கோட்பாட்டை விட்டு அறநெறி பேசலாம் என்று 1201இல் வகுத்த எல்லைதான் இங்கும் பயன்பட்டது.

இந்த ஏற்புக்கு ஒரு விலை இருந்தது. 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் அனுமதியின்றிப் போதிப்போரை மீண்டும் கண்டித்தது. தங்களுக்குத் துணையாகத் தகுதியான போதகர்களை நியமிக்க ஆயர்களைப் பணித்தது. 1223இல் உறுதிசெய்யப்பட்ட பிரான்சிஸ்கன் ஒழுங்குவிதி, ஆயர் மறுத்தால் அவர் மறைமாவட்டத்தில் போதிக்கக் கூடாது என்றது. சபைத் தலைவரின் தேர்வையும் அனுமதியையும் கட்டாயமாக்கியது. பிரான்சிஸைப் பின்பற்றிய கிளாராவும் தோழியரும் அடைப்புக்குள் வாழ்ந்தனர். லியோனில் தெருவில் நின்று பேசிய பெண்களுக்கு அசிசியில் அந்த வாய்ப்பு இல்லை. 1239இல் பொதுநிலைச் சகோதரரான எலியாஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, சபையே குருக்களின் கைக்கு மாறியது. அழைப்பின் ஏழ்மையைத் திருச்சபை வாங்கிக்கொண்டது. எவரும் அறிவிக்கலாம் என்ற அதன் துணிவை வாங்கிக்கொள்ளவில்லை.

வால்தோவின் வழிவந்தோர் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் ஒடுங்கி வாழ்ந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைகளோடு சேர்ந்தார்கள். 1848இல்தான் பியெத்மோந்தில் குடியுரிமைகள் பெற்றார்கள். 2015 ஜூன் 22 அன்று, அசிசி ஏழையின் பெயரைச் சூடிய திருத்தந்தை பிரான்சிஸ் தூரின் நகரில் அவர்களுடைய ஆலயத்துக்குச் சென்று, கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.