உடன்மரண மந்திரத் தளர்வு விதிகள்

மேசைக் கதாபாத்திர விளையாட்டுகளில், ஒரே பகடை வீச்சில் ஆளைக் கொல்லும் மந்திரங்களின் கடுமையைக் குறைக்க ஆட்டக் குழுக்கள் தாமே வகுத்துக்கொள்ளும் விதிகள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (1974) ஆட்டத்தையொட்டி வளர்ந்தவை. அதன் மூன்றாம் பதிப்பில் (2000) 'ஃபிங்கர் ஆஃப் டெத்' மந்திரத்துக்கு இலக்கானவர், இருபது முகப் பகடையின் தற்காப்பு வீச்சில் தவறினால், 150 உயிர்ப்புள்ளி இருந்தாலும் சாவார். தப்பினால் சேதம் மட்டுமே. வழக்கமான தளர்வுகள்: சாவுக்குப் பதில் உயிர்ப்புள்ளியைச் சுழியத்துக்கு இறக்கி, தோழர்கள் காப்பாற்ற ஓரிரு சுற்று அவகாசம் தருதல், இரண்டாம் வீச்சும் தவறினால்தான் சாவு என வைத்தல். எதிரிகளுக்கும் இதே சலுகை உண்டா என்பதை முன்பே முடிவுசெய்யாவிட்டால் தகராறுதான். ஐந்தாம் பதிப்பு (2014) அம்மந்திரத்தை 7 எண்முகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு 30 சேர்ந்த சேதமாக்கியது. தற்காப்பு வென்றால் பாதி. 'பவர் வேர்ட் கில்' மந்திரமோ ஐந்தாம் பதிப்பிலும் 100 அல்லது அதற்குக் குறைந்த உயிர்ப்புள்ளி உள்ளவரைத் தற்காப்பு வீச்சின்றியே கொல்கிறது.