கரைந்தது காணாமல் போகவில்லை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்ததும், "நான் எழுத்தாளன் இல்லீங்க, பைப்பும் பம்ப்பும் பார்க்கிற ஆளு" என்று நழுவப் பார்த்தேன். "அப்ப நீ பார்க்கிற வேலையைப் பத்தியே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கிற வேலை, தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பது. அந்த வேலைக்குப் பின்னால் நம் பகுதியின் முப்பதாண்டு வரலாறு இருக்கிறது. கெமிஸ்ட்ரி என்றாலே ஓடிப்போகும் மெக்கானிக்கல் நண்பர்கள் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த கலவையும் கரைசலும்தான் விஷயம்.

நான் வளர்ந்தது அமராவதி நகரில். காமராஜர் முதலமைச்சராக இருந்த 1950-களில் கட்டிய அணை, ஆனைமலை அடிவாரம், கற்கண்டு மாதிரித் தண்ணீர். அம்மாவின் ஊர் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. ஊருக்குப் போகும்போது மற்றவர்கள் பலகாரம் கொண்டு போவார்கள். எங்கள் அம்மா இரண்டு கேன் அமராவதித் தண்ணீர் கொண்டு போவார்.

சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. கிணற்றைப் போய்ப் பார்த்தேன். "தண்ணி பளிச்சுன்னு இருக்குது அப்புச்சி, கலரே இல்லியே?" என்றேன். அப்புச்சி ஒரு இரும்புக் கரண்டியில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு அடுப்பில் பிடித்தார். கொதித்து, வற்றி, கடைசியில் கரண்டி முழுக்க வெள்ளை படிந்தது. "கலரைப் பாக்காதே கண்ணு, கரண்டியைப் பாரு" என்றார். நான் பார்த்த முதல் கெமிஸ்ட்ரி லேப் அந்த அடுப்புதான்.

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? சாயத் தொட்டியிலிருந்து. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ராட்டி, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்களின் கண்டுபிடிப்பு. சாயம் துணியின் மேல் சும்மா ஒட்டிக்கொள்வதில்லை. சோடா உப்பு சேர்த்ததும் பருத்தியின் மூலக்கூறோடு நேரடியாகப் பிணைகிறது. அது வேதி மாற்றம். அதனால்தான் துவைத்தாலும் போகாது. திருப்பூர் பனியனுக்கு உலகச் சந்தையில் கிடைத்த இடத்தில் இதற்கும் பங்குண்டு.

ஆனால் ஒரு சிக்கல். தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின் தன்மை, கரைந்த சாயத்துக்கும் எதிர்மின் தன்மை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். இந்தச் சண்டையை விலக்கிவைக்கும் நாட்டாமைதான் உப்பு. சாதா உப்போ, சோடியம் சல்ஃபேட்டோ லிட்டருக்கு 60 கிராம் அளவில் போட்டால் சாயம் துணியோடு சேர்ந்துவிடும். கடல் நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். அதாவது அடர்நிறம் போடும் தொட்டி கடலைவிடக் கரிப்பு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சாயம் மாறுகிறது, உப்பு மாறுவதில்லை. நாட்டாமை தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தபடியே எழுந்து போகிறார். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 600 கிராம் உப்பு. 150 கிராம் டி-சர்ட் ஒன்றுக்கு 90 கிராம். அத்தனையும் அப்படியே கழிவு நீரில் வெளியே வரும். வேதிவினையில் பொருண்மை அழியாது என்று லவாய்சியர் 1789-லேயே எழுதி வைத்துவிட்டார். போட்ட உப்பு எங்கேயாவது இருந்துதான் ஆக வேண்டும்.

அது இருந்த இடம் ஒரத்துப்பாளையம். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே சென்னிமலைக்கு அருகே கட்டிய அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே காலத்தில் திருப்பூரின் ஏற்றுமதியும் வளர்ந்தது. சில வருடங்களிலேயே அணையில் நின்றது சாயக் கழிவாகிவிட்டது. "எங்களுக்குத் தண்ணி விடாதீங்க" என்று விவசாயிகளே கேட்ட அணை அது. சோடியம் ஏறிய களிமண்ணில் கால்சியம் வெளியேறி, மண் இறுகிவிடும். உழுதாலும் உடையாது, தண்ணீரும் உள்ளே இறங்காது.

1990-களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு, நிறத்தையும் மிதக்கும் அழுக்கையும் வீழ்படிவாக்கி வடிகட்டினார்கள். நிறம் பெரும்பாலும் போயிற்று. ஆனால் சாதா உப்பு அப்படி வீழ்படியாது. 100 மில்லி தண்ணீர் 36 கிராம் உப்பைத் தாங்கும். உண்மையில் சுண்ணாம்பு போட்டதில் கரைந்த உப்பு இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆற்றில் விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த விதியை நிறைவேற்ற வழியில்லாத நிலையங்கள் அவை. எல்லோரும் கலரைப் பார்த்தார்கள், கரண்டியைப் பார்க்கவில்லை.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22-ல் தீர்ப்பளித்தது: 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காலக்கெடுக்கள் போய்க்கொண்டே இருந்தன. 2011 ஜனவரி 28-ல் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அப்போது நாம் கடைசி செமஸ்டர். ஹாஸ்டலில் பாதிப் பேர் பேப்பரைச் சுற்றி நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அன்று யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். மூடிய பட்டறைகளில் ஒன்று என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. கிணறு உப்பானதால் காடு பொய்த்து, திருப்பூருக்குக் கூலிக்குப் போய், பிறகு கடன் வாங்கிச் சொந்தமாகச் சாயப்பட்டறை போட்டவர். அப்பன் கிணற்றைக் கெடுத்த உப்பில் மகன் பட்டறையின் உப்பும் சேர்ந்திருந்தது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை.

அந்த வாரம் மாமா ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புச்சி ஜெயித்த மாதிரி ஒன்றும் பேசவில்லை. "பட்டறையக் கோர்ட்டு மூடிருச்சு. கெணத்துல இருக்கற உப்பை எந்தக் கோர்ட்டுடா எடுக்கும்?" என்று மட்டும் கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. நான் எந்த வேலைக்குப் போவது என்பது அன்றே முடிவாகிவிட்டது.

அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. நிலையங்கள் புதிதாக எழுந்தன. இன்று கழிவு நீரை முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்கிறோம். பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியே பெரும்பகுதித் தண்ணீரை நல்ல தண்ணீராகப் பிழிந்து பட்டறைகளுக்கே திருப்பி அனுப்புகிறோம். மிஞ்சும் கெட்டி உப்புநீரை ஆவியாக்கி உப்பை எடுக்கிறோம். அதே கரண்டிதான், அளவுதான் பெரிது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கலப்பதற்குக் காசு வேண்டாம், பிரிப்பதற்குத்தான் காசு. அந்தக் காசை முன்பு அப்புச்சி தன் காட்டால் கட்டினார். இப்போது மாமா மாதாமாதம் பில்லாகக் கட்டுகிறார். சிரமப்படுகிறார், ஆனாலும் கட்டுகிறார்.

இதோடு எல்லாம் முடிந்தது என்று சொன்னால் பொய். சாதா உப்பும் சல்ஃபேட்டும் கலந்து வருகிற உப்பு இன்னும் தலைவலிதான். சல்ஃபேட்டைக் குளிர வைத்தால் கிளாபர் உப்பாகப் படிகமாகும், தொட்டிக்குத் திரும்பப் போகும். தனியாகப் பிரியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. கரூர் பக்கம் சாயக் கழிவால் எங்கள் அமராவதி ஆறும் அடிபட்டதுதான்.

அப்புச்சி இப்போது இல்லை. பொங்கலுக்குப் போனால் கிணற்றில் மீட்டரை விட்டுப் பார்ப்பேன். நல்ல மழைக்குப் பின் உப்புக் குறையும். கோடையில் மறுபடி ஏறும். அம்மா இன்னும் கேன் கொண்டுதான் போகிறார்.

நம் துறையில் இன்று படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலையாதீர்கள். கலப்பு உப்பைக் குறைந்த செலவில் பிரிக்க வழி பாருங்கள். நிலையத்தைச் சுற்றிக் காட்ட நான் இருக்கிறேன். வரும்போது கையோடு ஒரு கரண்டியும் கொண்டு வாருங்கள்.

— கெமிக்கல் பிரிவு, 2007–2011
அமராவதி நகர்