விரலுக்கு உண்டு ஒரு கணக்கு



வடசென்னையின் தொழிலாளர் வரலாற்றைப் பேசும்போது நாம் வழக்கமாகச் சங்கங்களிலிருந்தும் வேலைநிறுத்தங்களிலிருந்தும் தொடங்குவோம். இன்று கைகளிலிருந்து தொடங்குவோம். ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை தகடு வெட்டும், வளைக்கும், துளையிடும் சின்னச் சின்னப் பட்டறைகள் உண்டு. விரல் குறைந்த கையோடு டீ கிளாஸைப் பிடிக்கும் அண்ணன்களை நம் சேரிகளிலும் குப்பங்களிலும் பார்க்கிறோம். கேட்டால், "பிரஸ்ல போச்சு" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

போனது விதியால் அல்ல. அதற்கொரு சட்டமும் கணக்கும் நூறாண்டாக இருக்கின்றன.

1923 மார்ச்சில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் காயம்பட்டது என்றாலே இழப்பீடு உண்டு என்றது அது.

அதன் அட்டவணை உடலை விழுக்காடாகப் பிரிக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்ந்தது. அதன்படி 30 வயதுத் தொழிலாளியின் கட்டைவிரலுக்கு 5,61,546 ரூபாய் வருகிறது. பட்டறையில் கையில் திணிக்கப்படும் தொகையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "செலவுக்கு வச்சுக்கோ" என்று கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்னது.

அட்டவணையும் முடிந்த முடிவல்ல. ஒடிசாவில் சினிமா கொட்டகை ஒன்றில் வேலை செய்த தச்சர் 1968இல் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். அது பகுதி ஊனம்தான் என்று முதலாளி வாதிட்டார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த அன்றே இழப்பீடு தரும் கடமை தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னது.

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. பாதுகாப்புத் தடுப்பைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றினார் என்று காட்டினால், மரணமும் முழு ஊனமும் அல்லாத காயங்களில் முதலாளி தப்பிக்கலாம். ஆனால் தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகும்; பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு மெதுவாவது பசி. கழற்றிய கை யாருடையது என்று மட்டும் கேட்டால் போதாது, கழற்ற வைத்த கூலிமுறை யாருடையது என்றும் நாம் கேட்க வேண்டும்.

சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளர்களையும் பிரிக்கிறது என்றார் அண்ணல் அம்பேத்கர். அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில்தான், 1944இல், அடார்க்கர் அறிக்கை வந்தது. அதன் வழியே 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு அதன் வழியே ஊன உதவித்தொகை. இல்லாத பட்டறைத் தொழிலாளிக்கு 1923இன் உரிமை. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இரண்டு சட்டங்களையும் தனக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் உரிமையைக் கைவிடக் கூடாது.

நிலம் மறுக்கப்பட்டவர்களுக்குக் கைதான் சொத்து. அந்தச் சொத்து பறிபோகும்போது முதலில் அழிவது சாட்சியம். ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தெருவில் அடிபட்டவரோடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விபத்துப் பதிவேட்டில் "வேலை செய்த இடத்தில்" என்று எழுதப்படுகிறதா என்று பாருங்கள். தேதி, இயந்திரம், கூலி, உடனிருந்தவர் யார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நம் வரலாற்றை அந்த நோட்டிலிருந்தும் எழுதலாம்.