தானுந்துச் சக்கர மாற்றம்

தானுந்துச் சக்கர மாற்றம் என்பது தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சக்கரங்களையோ டயர்களையோ நீக்கிவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் வேறு வகை அல்லது வேறு அளவுள்ளவற்றைப் பொருத்துவது ஆகும். தோற்றம், சாலைப் பிடிப்பு ஆகியவற்றைக் கருதி இது செய்யப்படுகிறது. எஃகுச் சக்கரங்களுக்குப் பதிலாக அலாய் எனப்படும் கலப்புலோகச் சக்கரங்களைப் பொருத்துவது பரவலான மாற்றமாகும். ஒரு சக்கரம் வண்டியில் ஏறி அமர்வதால் மட்டும் அது பாதுகாப்பானதாகவோ சட்டத்திற்கு உட்பட்டதாகவோ ஆகிவிடாது. இக்கட்டுரை இந்தியாவில் உள்ள விதிகளை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

டயர் அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 185/65 ஆர் 15 88 எச் என்பது போன்ற குறியீடு இருக்கும். இதன் பொருள் வருமாறு:

- 185: டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
- 65: பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் விழுக்காடாக.
- ஆர்: ரேடியல் வகைக் கட்டமைப்பு.
- 15: ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.
- 88: சுமைக் குறியெண், ஒரு டயர் 560 கிலோகிராம் வரை தாங்கும்.
- எச்: வேகக் குறி, மணிக்கு 210 கிலோமீட்டர் வரை.

மொத்த விட்டம்

மேற்கண்ட டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. ஆகும். பெரிய ரிம்முக்கு மாறும்போது பக்கச்சுவரின் உயரத்தைக் குறைத்து மொத்த விட்டத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருப்பது வழக்கம். 195/55 ஆர் 16 டயரின் விட்டம் 620.9 மி.மீ.; வேறுபாடு மிகச் சிறியது. மாறாக, 205/65 ஆர் 15 டயரின் விட்டம் 647.5 மி.மீ. ஆகும். இது ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதல் என்பதால், வேகமானி 100 எனக் காட்டும்போது வண்டி அதனினும் 4 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடக்கூடும். தொலைவுமானியும் ஓடிய தொலைவைக் குறைத்துக் காட்டும்.

விட்டம் ஒத்திருந்தாலும் சுமைக் குறியெண் குறைந்துவிடலாம். 195/55 ஆர் 16 அளவில் 87 என்னும் குறியெண்ணுடன் வரும் டயர் 545 கிலோகிராம் மட்டுமே தாங்கும். முதல் டயரை விட இது 15 கிலோகிராம் குறைவு. எனவே அளவு, சுமை, வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

சக்கரத்தின் அளவுகள்

- போல்ட் வட்டம் (பி.சி.டி.): போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம். துளைகளின் எண்ணிக்கையும் இதுவும் சரியாக ஒத்திருக்க வேண்டும்.
- ஆஃப்செட்: சக்கரம் அச்சுடன் சேரும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தொலைவு. இது பெரிதும் மாறினால் சக்கரம் வெளியே துருத்தும் அல்லது உட்புறம் உரசும். தாங்கிகளின் மீதான சுமையும் திசைதிருப்பும் தன்மையும் மாறும்.
- மையத்துளை: வண்டியின் ஹப்பில் ஆட்டமின்றி அமர வேண்டும். துளை பெரிதாக இருந்தால் அதற்குரிய வளையம் தேவைப்படும்.
- நட்டு அமரும் வடிவம்: கூம்பு வடிவத்துக்கு உரிய நட்டைக் கோள வடிவ இருக்கையில் பயன்படுத்தினால் நட்டு தளரக்கூடும்.

இந்தியச் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது.

தனியார் தானுந்துகளின் பதிவுச் சான்றிதழில் டயர் அளவு பொதுவாக இடம்பெறுவதில்லை. இதனால் எந்த அளவும் பொருத்தலாம் என்ற தவறான எண்ணம் நிலவுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 94-ஆம் விதி டயரின் நிலையையும் 95-ஆம் விதி அதன் அளவையும் பற்றிக் கூறுகின்றன. தானுந்து டயரின் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. தானுந்து டயர்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15633 ஆகும். கலப்புலோகச் சக்கரங்களுக்கான சோதனைகளை ஏ.ஐ.எஸ். 073 வரையறுக்கிறது.

பிற நாடுகள்

செருமனியில் வெளிச்சந்தைச் சக்கரங்கள் எந்த வண்டிக்கு, எந்த டயர் அளவுடன் பொருந்தும் என்பதைக் கூறும் ஆவணத்துடன் விற்கப்படுகின்றன. ஆவணத்தின் வகைக்கேற்ப, பொருத்திய பின் ஆய்வாளரிடம் வண்டியைக் காட்ட வேண்டியிருக்கலாம். தவறினால் வண்டியின் இயக்க அனுமதி செல்லாமல் போகக்கூடும். யப்பானில் ஜே.டபிள்யூ.எல். முத்திரை கலப்புலோகச் சக்கரத்தின் வலிமைத் தரத்தைக் குறிக்கும். குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு அச்சக்கரம் பொருந்தும் என்பதற்கு அம்முத்திரை சான்றாகாது.

கவனிக்க வேண்டியவை

1. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ உரிமையாளர் கையேட்டிலோ உள்ள டயர் அளவை முதலில் அறிதல்.
2. அதே மாதிரி வண்டிக்கு உற்பத்தியாளர் வழங்கும் அளவுகளுக்குள் தெரிவு செய்தல். ஐயம் இருப்பின் எழுத்து மூலமான விளக்கம் பெறுதல்.
3. சுமை, வேகக் குறிகள் குறையாமல் பார்த்துக்கொள்ளுதல்.
4. முறுக்குவிசை அளக்கும் திருகியால் நட்டுகளை இறுக்கி, சிறிது தொலைவு ஓடியபின் மீண்டும் சரிபார்த்தல்.
5. காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்தல். தெரிவிக்காத சக்கரங்கள் களவுபோனாலோ சேதமடைந்தாலோ இழப்பீடு மறுக்கப்படலாம்.

இவற்றையும் பார்க்க

- டயர்
- கலப்புலோகம்
- வேகமானி