ஸ்பீக்கர் ஒயர் விலையேறிய கதை

1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் ஸ்பீக்கர் ஒயர் என்பது தனிச் சரக்காக விற்கவில்லை. ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் இணைக்க, மேஜை விளக்குக்குப் போடும் இரட்டை ஒயரே போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டீரியோ வாங்குகிறவருக்குக் கடைக்காரர் அதில் சில அடி நறுக்கிச் சும்மாவே கொடுத்துவிடுவார்.

அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில்தான் இது மாறியது. போல்க் ஆடியோ நிறுவனம் ஜப்பானில் தயாரான 'கோப்ரா' என்ற ஒயரை விற்றது. தனித்தனியே காப்பிட்ட மெல்லிய இழைகளை நெருக்கமாகப் பின்னியிருந்ததால் அதன் மின்தேக்கம் மிக அதிகம்; அதைத் தாங்காமல் சில ஆம்ப்ளிஃபயர்கள் நிலைகுலைந்து எரிந்தே போயின. ஒயரால் விளைவு உண்டு என்பதற்கு இதைவிட உறுதியான சான்று பின்னாளில் யாருக்கும் கிடைக்கவில்லை.

வணிகத்துக்கு உருக்கொடுத்தவர் நோயல் லீ. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பொறியாளராக இருந்தவர். இசைக்குழுவில் டிரம் வாசித்தவர். 1979இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய மான்ஸ்டர் கேபிள், தடித்த செம்புக் கற்றை பளபளப்பாக வெளியே தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையோடு வந்தது. பொருளைவிட அதை விற்ற விதம்தான் புதுமை. ஸ்டீரியோ பெட்டியில் கடைக்காரருக்கு லாபம் குறைவு, ஒயரில் அதிகம். லீ விற்பனைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார், நன்றாக விற்றவர்களுக்குப் பரிசும் கொடுத்தார். பெட்டி வாங்க வந்தவர் ஒயர் வாங்காமல் திரும்புவது அரிதாயிற்று. 1980இல் கலிபோர்னியாவில் வில்லியம் லோ ஆடியோக்வெஸ்ட்டைத் தொடங்கினார்; போட்டி சூடுபிடித்தது.

இந்த ஒயரால் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்ற கேள்வியும் உடனே எழுந்தது. 1983 ஆகஸ்ட் இதழில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை லாரன்ஸ் கிரீன்ஹில் நடத்திய சோதனையை வெளியிட்டது. மான்ஸ்டர் ஒயர், 16 கேஜ் விளக்கு ஒயர், மிக மெல்லிய 24 கேஜ் ஒயர் ஆகிய மூன்றும் சோதனைக்கு வந்தன. எது ஓடுகிறது என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. பாட்டுப் போட்டபோது 16 கேஜையும் மான்ஸ்டரையும் அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 'பிங்க் நாய்ஸ்' என்னும் சோதனை இரைச்சலைப் போட்டபோது 24 கேஜ் ஒயர் தன்னைக் காட்டிக்கொடுத்தது.

காரணம் சாதாரணக் கணக்கு. ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போகவும் வரவும் பத்து மீட்டர் செம்பு வேண்டும். 16 கேஜில் அதன் மின்தடை சுமார் 0.13 ஓம், 24 கேஜில் சுமார் 0.84 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் முதலாவதால் ஒலி குறைவது 0.14 டெசிபல்தான், இரண்டாவதால் ஏறக்குறைய 0.9 டெசிபல். ஸ்பீக்கரின் மின்தடை ஒவ்வொரு சுருதிக்கும் ஏறி இறங்குவதால், மெல்லிய ஒயரில் சில சுருதிகள் கூடுதலாக மங்கும். போதாததற்கு, சற்றே உரக்க ஒலிப்பதை மனம் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். ஒலியளவைச் சமப்படுத்தாமல் கடையில் காட்டிய ஒப்பீடுகளில் தடித்த ஒயர் ஜெயித்ததில் வியப்பில்லை. ஆனால் தடிமனுக்கு ஆகும் செலவு கொஞ்சம். இரும்புக்கடையில் கிடைக்கும் தடித்த ஒயரே அந்த வேலையைச் செய்துவிடும். ஆம்ப்ளிஃபயர் தயாரிக்கும் மெக்கின்டாஷ் நிறுவனத்தின் அன்றைய தலைவர் கார்டன் கோ, சுவிட்ச் பெட்டி வைத்து விளக்கு ஒயரையும் சிறப்பு ஒயர்களையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பலரை இதை நம்பவைத்தார்.

தடிமன் வாதம் தீர்ந்ததும் வணிகம் உலோகத்துக்குத் தாவியது. ஆக்சிஜன் நீக்கிய செம்பு வந்தது. சாதாரண மின்செம்பைவிட அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு சதவீதமே கூடுதல். ஐந்து மீட்டர் ஒயரை ஐந்து சென்டிமீட்டர் குறைத்தால் கிடைக்கும் லாபம் அது. பிறகு வெள்ளி, ஒற்றைப் படிகச் செம்பு, சுழல் பின்னல் என்று பட்டியல் நீண்டது. 1991இல் ஃபிரெட் டேவிஸ் பன்னிரண்டு கேபிள்களை அளந்து ஆடியோ பொறியியல் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரை, மின்தடை, மின்தூண்டல், மின்தேக்கம் ஆகிய மூன்றையும் கொண்டே வேறுபாடுகளை விளக்கியது.

விலை மட்டும் இறங்கவில்லை. பியர் நிறுவனத்தின் 'ஆன்ஜூ' ஒயர் பன்னிரண்டு அடி ஜோடி 7,250 டாலருக்கு விற்றது. சாதாரண ஒயரிலிருந்து அதைக் காதால் பிரித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக 2007இல் போலி உரிமைகோரல்களை அம்பலப்படுத்தும் மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர் முன்வந்தார், நிறுவனம் விலகிக்கொண்டது, சோதனை நடக்கவே இல்லை. மறு ஆண்டு டெனான் ஒன்றரை மீட்டர் நெட்வொர்க் கேபிளை ஏறக்குறைய 500 டாலருக்கு விற்றது. சிக்னல் போகும் திசையைக் காட்ட அதில் அம்புக்குறி வேறு. வெறும் ஒன்றும் பூஜ்யமும் போகிற கம்பிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

அதற்குள் இசை பெட்டியிலிருந்து போனுக்குப் போய்விட்டது. மான்ஸ்டரும் அதன் பின்னால் போய், 2008இல் இருந்து பீட்ஸ் ஹெட்போன்களைத் தயாரித்தது. 2012இல் அந்த உறவு முறிந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது பீட்ஸைத்தான். மான்ஸ்டருக்கு அதில் பங்கு இல்லை.